எங்கேர்ந்து அளந்தீங்க?

கடலூரில் வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். இத்தனை வருடத்தில் என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் மனையைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தைப் பற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். "சார், எவ்ளோ விடணும்?" அதற்கு அடுத்த கேள்வியும் எனக்கு மனப்பாடம். "கொஞ்சம் கொறச்சி வுட்டா யாராச்சும் வந்து பாப்பாங்களா?" ஒரே ஒருத்தர்தான் இரண்டையும் கேட்கவில்லை. அவர் கேட்டது, "எங்கேர்ந்து விடணும்?"

அவர் பஸ் கண்டக்டர். கடலூர் – சிதம்பரம் ரூட். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எந்த ஊரில் இருந்தாலும் போன் போட்டு "எதுக்குய்யா என் பேரப் போட்ட?" என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர் அக்கா. எனக்கும் அப்படித்தான்.

புடவைக்கு மேல் காக்கிக் கோட்டு, தோளில் தோல் பை. கெட்டியான தரையில் நிற்கும்போதும் காலைச் சற்று அகட்டித்தான் நிற்பார், பூமி எந்த நேரமும் பிரேக் அடிக்கும் என்பது போல. குரல் பெரியது. ஆனால் சண்டை போடும்போது மட்டும் அது தணிந்துவிடும், அதுதான் பயமாக இருக்கும்.

நான் அவரை முதலில் பார்த்ததும் பஸ்ஸில்தான். சிதம்பரத்தில் ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும், எனக்கு முன் சீட்டில் சாக்கு மூட்டையோடு இருந்த ஒருத்தர் கடலூருக்கு டிக்கெட் கேட்டார். அவர் பி.முட்லூரிலேயே ஏறியதை நான் பார்த்திருந்தேன்.

"எங்கேர்ந்து?"

"ஆலப்பாக்கம்."

"ஆலப்பாக்கத்துல எங்க?"

"ஸ்டாப்பிங்குல."

"எந்தப் பக்கத்து ஸ்டாப்பிங்கு? நெழக்கொடை இருக்குதே அதுவா, இல்ல டீக்கடைகிட்டயா?"

அந்த ஆள் மூட்டையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "முட்லூர்லேர்ந்தே போட்டுடுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

இந்தக் கேள்வி அவருக்குத் தொழிலில் ஒட்டிக்கொண்டதா, பிறவியிலேயே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எதற்கும் அதைத்தான் கேட்பார். என் ஆபீசுக்குக் கீழே இருந்த டீக்கடையில் ஒரு நாள் பையன் அரை டீ கொண்டு வந்து வைத்தான். "எங்கேர்ந்துடா அரை? நொரையிலேர்ந்தா, டீயிலேர்ந்தா?" என்றார். பஸ் பத்து நிமிஷம் லேட் என்று யாராவது புகார் சொன்னால், "எங்கேர்ந்து பத்து நிமிஷம்? நீங்க ஸ்டாண்டுக்கு வந்ததுலேர்ந்தா, பஸ்ஸு வர வேண்டிய டைம்லேர்ந்தா?" என்பார். சில நாள் எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அக்கா, சில விஷயங்களைச் சும்மா சுமாராக விட்டுவிடக் கூடாதா என்று இருக்கும்.

செம்மண்டலத்துக்குப் பின்னால் புதிதாக வந்த ஒரு நகரில் அவர் மனை வாங்கியிருந்தார். சின்ன மனை. விற்றவர் நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் கட்டி, கேட்டும் போட்டுக் கொடுத்திருந்தார். அக்கா பத்திரத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "நாளைக்கு எனக்கு லீவு. சிதம்பரம் வாங்க. யாருக்கு வூடு கட்றமோ அந்த ஆளப் பாத்துட்டு பிளான் போடுங்க" என்றார்.

அந்த ஆள் அவருடைய அண்ணன்.

சிதம்பரத்தில் மேல வீதியிலிருந்து பிரிந்து போகிற ஒரு சந்தில் அவர்களுடைய பழைய வீடு இருந்தது. இந்தப் பக்கத்து வீட்டுச் சுவரும் இவர்களுடையதே, அந்தப் பக்கத்து வீட்டுச் சுவரும் இவர்களுடையதே. நடுவில் காற்று நுழையக்கூட இடமில்லை. வாசலில் உயரமான படிகள், பின்கட்டுக்குப் போக ஒரு ஆள் நுழைகிற இடுக்கு. அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தார். பைபாசில் பைக் சறுக்கி விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கூடத்திலிருந்து வாசல் நிலை வரை நாற்காலி வரும், அதோடு சரி.

அக்கா உள்ளே காப்பி போடப் போனபோது அவர் என்னிடம் பேசினார். நல்ல பேச்சுக்காரர்.

"பாப்பா பாக்கற கண்டக்டர் வேல எனக்கு வர வேண்டியது சார். எங்கப்பா சர்வீஸ்ல எறந்தாரு. வாரிசு வேல, நான்தான் போயிருக்கணும். நான் இப்பிடி ஆயிட்டேன், பாப்பா பையத் தூக்கிக்கிச்சு. ஆஸ்பத்திரில டாக்டர் 'ஆறு மாசத்துல நடந்துடுவாரு'ன்னாரு. இது 'எங்கேர்ந்து ஆறு மாசம் சார்? விழுந்ததுலேர்ந்தா, ஆபரேஷன்லேர்ந்தா?'ன்னு கேட்டுச்சு. அவரு பேச்ச மாத்திட்டாரு. நான் நடக்க மாட்டேன்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே பாப்பாவுக்குத் தெரிஞ்சிபோச்சு."

நான் தலையை ஆட்டினேன். அவரே பேச்சை மாற்றினார்.

"காலு நல்லா இருந்தப்ப சாயங்காலமானா சைக்கிள எடுப்பேன். கீழ வீதி, தெக்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி, ஒரு ரவுண்டு. யாரு கடைய மூடிட்டான், யாரு வூட்ல விசேஷம், எந்த மரம் சாஞ்சிச்சு, எல்லாத்தயும் பாத்துட்டு வந்து பாப்பாகிட்ட சொல்லுவேன். அது இந்தப் படில உக்காந்து கேக்கும். அடுப்புல பாலு பொங்கி ஊத்தும், அம்மா கத்தும், இது எழுந்துக்காது. இப்ப எல்லா சேதியும் எனக்கு யாராச்சும் வந்து சொன்னாத்தான். நானா போயி ஒண்ணப் பாத்துட்டு வந்து சொன்னது கெடயாது."

"வூட்ல உங்களுக்கு என்ன வேணும்ணே?"

"பெரிய ரூம்பெல்லாம் வேணாம். வூட்ட சுத்தி ஒரு ரவுண்டு வரணும். தள்றதுக்கு ஆளு இல்லாம."

காப்பியோடு வந்த அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "அவ்ளோதான் பிளானு. மத்ததெல்லாம் நீங்க போட்டுக்குங்க" என்றார்.

வீட்டைச் சுற்றிக் காலியிடம் விடச் சொல்வது சட்டம். காற்று வர, வெளிச்சம் வர, தீப்பிடித்தால் ஆள் போக. எங்கள் ஊரில் அதை யாரும் சந்தோஷமாக விடுவதில்லை. விட்டாலும் அதில் மோட்டார், காஸ் சிலிண்டர், துவைக்கிற கல், மாடிப்படி என்று ஒவ்வொன்றாகக் குடியேறிவிடும். அந்தக் காலியிடத்தையே வீட்டின் முதல் அறையாகக் கேட்ட ஆட்களை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆசையாகவே வரைந்தேன். பின்பக்கம் கிழக்கில் அண்ணன் அறை, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி திரும்ப இடம். பின்பக்கம் மேற்கில் அக்காவின் அறை. முன்னால் கூடம், சமையல்கட்டு. நாலு பக்கமும் முழங்கை இடிக்காமல் நாற்காலி போகிற வழி. படத்தை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டினேன். அவர் விரலால் வீட்டைச் சுற்றி ஒரு தடவை போய் வந்தார்.

பூமி பூஜையும் ஆயிற்று. ஈசானிய மூலையில் செங்கல் வைத்து, தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பூஜை முடிந்ததும் நான் அண்ணன் அறை எங்கே வரும் என்று காட்டுவதற்காக மேஸ்திரியிடம் டேப்பின் ஒரு முனையைக் கொடுத்தேன். அவர் அதைக் கிழக்குக் காம்பவுண்டுச் சுவரில் வைத்தார்.

"எங்கேர்ந்து புடிக்கிறீங்க மேஸ்திரி?"

"செவுத்துலேர்ந்துக்கா."

"செவுரு யாரு கட்னது?"

"மனைய வித்தவருதான்."

"அவரு எங்கேர்ந்து அளந்து கட்னாரு?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "அக்கா, செவுரு கண்ணெதிர நிக்குது. செவுத்துக்கு உள்ள இருக்கறது நம்ப எடம். இதுல என்னாக்கா கேள்வி?"

"பஸ்ஸுக்கு உள்ள நிக்கிறவன்லாம் டிக்கெட் வாங்குனவனா?"

சட்டம் எனக்குத் தெரியாதது அல்ல. காலியிடத்தைச் சுவரிலிருந்து அளக்கக் கூடாது, ரோட்டோரத்திலிருந்தும் அளக்கக் கூடாது, மனையின் எல்லைக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். அக்காவுக்குத்தான் அதெல்லாம் தெரியாது. மனு போடும்போது சர்வேயரைக் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். சுவர் நேராக, அழகாக நின்றது. பத்திரத்தில் இருந்த அளவைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்தது, இருந்தால் சந்தோஷம்தானே. அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. "கல்லு எங்க? கல்லக் காட்டுங்க. அப்பறம் பொங்கல் சாப்டலாம்" என்றார். நான் வாயில் போட்ட பொங்கலை விழுங்கினேன்.

சர்வேயர் வந்த அன்று அக்கா லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். சர்வே கல் என்பது மூலைக்கு ஒன்றாக மண்ணில் புதைத்திருக்கும் கருங்கல், அதன் தலையில் அம்புக்குறி வெட்டியிருக்கும். கடப்பாரையால் தோண்டத் தோண்ட மூன்று மூலையில் கிடைத்துவிட்டது. வடகிழக்கு மூலையில் மட்டும் எவ்வளவு தோண்டியும் மண்தான் வந்தது.

கிழக்குப் பக்கத்து வீடு மாமாவுடையது. திருவதிகைப் பக்கம், முந்திரி வியாபாரம் செய்து ஓய்ந்தவர், தெருவுக்கே மாமா. அவரும் அத்தையும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சர்வேயர் சுவர் வழியாக எட்டிப் பார்த்தவர், மாமா வீட்டு வேப்ப மரத்தடியில் மஞ்சள் துணி கட்டியிருந்த ஒரு அம்மனைக் கண்டார். அப்புறம் அங்கேயே போய், துணியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்துவிட்டு, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் அடியில் அம்புக்குறி இருந்தது.

"நாங்க வூடு கட்றதுக்கு முன்னாடி எடத்த சுத்தம் பண்ணப்ப கடப்பாரைல பட்டுதுப்பா. சூலம் போட்ட கல்லு. என் வூட்டுக்காரி அங்கயே வுழுந்து கும்புட்டா. கொண்டாந்து வச்சோம். அதுக்கப்பறம்தான் பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்துது" என்றார் மாமா. அவருக்கு அரசாங்கக் கல்லை எடுத்ததற்குக் கேஸ் போடுவார்களோ என்று பயம். அத்தை அம்மனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். யாராவது தூக்க வந்தால் அன்று அங்கே ரகளைதான்.

அக்கா கேட்டைத் தாண்டி அங்கே வந்தார். செருப்பைக் கழற்றினார். அம்மனைக் கும்பிட்டு, குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெல்லக் கேட்டார்.

"அத்த, இந்த அம்மன எங்கேர்ந்து எடுத்தீங்க?"

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, இன்னொரு பக்கம் அத்தை சண்டைக்கு வந்துவிடுவாரோ என்று பயம். அத்தை கையை நீட்டினார். "தோ, அங்க. அப்ப இந்த செவுரு ஏது? உங்க செவுத்துக்கு அந்தாண்ட, கொஞ்சம் உள்ளாற."

சர்வேயர் தன் வரைபடத்தை விரித்து மற்ற மூன்று கல்லிலிருந்தும் அளந்தார். அத்தை காட்டிய இடத்துக்கே வந்து நின்றது அளவு. முன்பக்கம் சுவர் சரியாக இருந்தது. பின்னால் போகப் போக அது மாமா பக்கம் சாய்ந்து, மூலையில் ஒரு முழம் தாண்டியிருந்தது. மனையை விற்றவர் கல்லைத் தேடியிருப்பார், கிடைக்காமல் கண்ணால் பார்த்துக் கட்டிவிட்டார்.

மாமாவுக்கு இதில் எதுவும் புரியவில்லை. சர்வேயர் புதுக்கல் நட்டுவிடுவதாகச் சொன்னதும், அம்மன் தப்பித்தாள் என்று அவர் முகம் தெளிந்துவிட்டது. நான் அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். இப்போது எதுவும் பேச வேண்டாம், ஆபீசில் பேசிக்கொள்ளலாம் என்று அர்த்தம். அவர் என் கண்ணைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாமா, என் செவுரு உங்க எடத்துல நிக்குது."

மாமா நல்ல மனுஷர். "போனா போவுது வுடும்மா. அந்த முழம் எடத்த வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணப் போறேன்? உங்கண்ணன் வண்டி ஓட்டட்டும்."

"நீங்க வுடுவீங்க மாமா. நாளைக்கு உங்க புள்ள வந்து 'எங்கேர்ந்து இது உங்களுது?'ன்னு கேட்டா, எங்கண்ணன் வண்டிய எங்க திருப்புவாரு? அவரு வழிய யாரும் கேள்வி கேக்கக் கூடாது."

ஆபீசுக்கு வந்ததும் எனக்குக் கோபம் பொங்கியது. மாமா மனசார விட்டுக்கொடுக்கிறார், எழுதிக்கூட வாங்கிக்கொள்ளலாம், ஊரில் முக்கால்வாசிச் சுவர்கள் இப்படித்தான் நிற்கின்றன, இவருக்கு மட்டும் என்ன என்று கத்தினேன். அக்கா காலை அகட்டி நின்று கேட்டுக்கொண்டார். படத்தை அவர் முன்னால் தள்ளினேன்.

"பாருங்க. காலியிடத்த எங்க குறுகலோ அங்கதான் அளப்பாங்க. பின்னாடி மூலைல ஒரு முழம் போச்சு. அண்ணன் ரூமக் கொறைக்கட்டுமா? கட்டிலு போட்டா நாற்காலி திரும்பாது."

"ரூமக் கொறைக்காத."

"அப்ப வழியக் கொறைக்கட்டுமா? சட்டமும் ஒத்துக்காது, அண்ணன் கையும் செவுத்துல தேயும்."

"வழியயும் கொறைக்காத."

"அப்ப மேக்கால தள்ளலாமா? அந்தப் பக்கமும் இதே கணக்குதான். நான் என்ன ரப்பரா வச்சிருக்கேன் இழுக்க?"

அவர் படத்தின் மேல் குனிந்தார். பின்பக்கம் மேற்கில், தன் அறையின் மேல் விரலை வைத்தார்.

"இதுல எடு."

"ஒரு முழம் எடுத்தா இதுல ஒரு கட்டிலும் நீங்களும்தான் இருக்க முடியும். பீரோ போட முடியாது, ஜன்னலத் தொறக்க கட்டில் மேல ஏறணும்."

"பஸ்ஸுல கண்டக்டர் சீட்டு எவ்ளோ அகலம்? அதுலயே என் சர்வீசு ஓடிடிச்சி. இது அதவிடப் பெருசுதான?"

சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அன்று சாயங்காலமே உட்கார்ந்து படத்தை மாற்றினேன், எவ்வளவோ சுவர்களை நகர்த்திப் பார்த்தும் அந்த அறைக்கு என்னால் ஒரு ஜாணுக்கு மேல் மீட்டுத்தர முடியவில்லை.

சுவரை இடித்தார்கள். நல்ல சுவர், பூச்சுகூட உதிரவில்லை. மேஸ்திரிக்கு மனசே இல்லை. புதுக்கல்லுக்கு நூல் பிடித்து மறுபடி கட்டும்போது இன்னொரு தகராறு. மேஸ்திரி வழக்கமான உயரத்துக்கு வரிசை ஏற்றிக்கொண்டு போனார். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோரமாகப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"மேஸ்திரி, எங்கேர்ந்து ஒசரம் அளக்கற?"

"தரையிலேர்ந்துக்கா."

"தரையிலேர்ந்து வேணாம். இங்கேர்ந்து அள" என்று தன் கண்ணுக்கு நேராகக் கையை வைத்தார். "ஒக்காந்தா மாமா வூடு தெரியணும்."

"இவ்ளோ குட்டையா வச்சா திருடன் தாண்டி வருவாங்கா."

"வரட்டும். எங்கண்ணன் பாத்து சொல்லுவாரு."

எல்லா முறையும் அவரே ஜெயித்தார் என்று நினைக்க வேண்டாம். மழையில் அண்ணன் நனையக் கூடாது என்று, வழி முழுவதையும் மூடுகிற மாதிரி சன்ஷேடை நீட்டச் சொன்னார். அளவுக்கு மேல் நீட்டக் கூடாது என்றேன். "மேலதான நீட்டுது, கீழ எடம் அப்பிடியே இருக்குதே" என்று சண்டைக்கு வந்தார். குரல் தணிந்துவிட்டது, எனக்குப் பயம்தான். இருந்தாலும் விடவில்லை.

"அக்கா, எங்கேர்ந்துன்னு கேட்டீங்க. எதுவரைக்கும்னு கேக்கலையே. கட்டடத்துல எது எல்லைக்கிட்ட நீட்டிக்கிட்டு வருதோ அதுவரைக்கும் அளப்பாங்க. நீங்க சொல்ற மாதிரி நீட்டுனா எல்லையிலேர்ந்து சன்ஷேடு வரைக்கும்தான் காலியிடம்."

அக்கா சன்ஷேடுக்கு அடைத்திருந்த பலகையை அண்ணாந்து பார்த்தார். "சரி. கொடை வாங்கிக் குடுத்துக்கறேன்" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்தக் காலியிடத்தைக் கோயில் பிராகாரம் மாதிரி காத்தார். பிளம்பர் சாக்கடைத் தொட்டியின் மூடியை விரல் உயரத்துக்கு மேலே வைத்துவிட்டுப் போக, டிப்போவிலிருந்து நேராக வந்து உடைக்கச் சொன்னார். மோட்டாரை முன்பக்கம் கேட்டோரத்துக்கு அனுப்பினார். துவைக்கிற கல்லை மாடிக்கு ஏற்றினார். சைக்கிளைச் சாய்த்து வைத்த பெயிண்டர் வாங்கிய பேச்சு அவன் ஜென்மத்துக்கும் மறக்காது. நானும் வரும்போதெல்லாம் வீட்டுக்குள் போகும் முன் ஒரு தடவை சுற்றி வந்து ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

குடிபோகிற அன்று காலையில் அண்ணனை வேனில் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். பால் காய்ச்ச அடுப்பு மூட்டியாகிவிட்டது. சாய்தளத்தில் நாற்காலியை ஏற்ற நாலு பேர் ஓடினார்கள். அண்ணன் கையை உயர்த்தினார்.

"இருங்க. மொதல்ல ஒரு ரவுண்டு."

மேற்குப் பக்கமாகச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அவர் போனார். கூடவே போகலாம் என்று நான் காலை எடுத்து வைத்தேன். அக்கா குறுக்கே கையை நீட்டினார். படிக்கட்டில் தொங்கவரும் ஆளைத் தடுக்கிற அதே கை.

"யாரும் போவ வேணாம்."

சிமெண்ட் தரையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. பின்பக்கம் திரும்பியதும் அதுவும் நின்றுவிட்டது. நாங்கள் காத்திருந்தோம். எனக்கு மூலையில் இடம் போதவில்லையோ, நாற்காலி சிக்கிக்கொண்டதோ என்று இருந்தது. அந்த மூலையை வரைந்தவன் நான். அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கிழக்குப் பக்க முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அடி முன்னால் வைத்தார், பிறகு பின்னால் எடுத்துக்கொண்டார். கூப்பிட்டுப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

அப்புறம் சக்கரச் சத்தம் கேட்டது. கிழக்குப் பக்கமாக அண்ணன் வந்தார். உள்ளங்கை கறுத்திருந்தது, மூச்சு வாங்கியது, முகம் முழுக்க வியர்வை. வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"பாப்பா, மாமா வூட்டு முருங்க காச்சித் தொங்குது. பாதி முத்திப்போச்சு, பறிக்க ஆளு இல்ல. அத்த காலுல கட்டுப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. நேத்து தண்ணித் தொட்டிகிட்ட வழுக்கிட்டாங்களாம். மாமாதான் சமையலு, கொழம்புல உப்பு ஜாஸ்தியாம். ஒனக்குத் தெரியுமா இதெல்லாம்?"

"தெரியாதுண்ணா" என்றார் அக்கா.

உள்ளேயிருந்து யாரோ பால் பொங்குது, பால் பொங்குது என்று கூப்பிட்டார்கள். அக்கா சாய்தளத்துக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"அப்பறம்? சொல்லு" என்றார்.